கைகழுவச் சொன்னவர்களே கிருமியும் கொடுக்கிறார்கள்

பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் அவ்வளவு லேசில் நுழைந்துவிட முடியாது. செருப்பை வெளியே விட வேண்டும். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பேத்தியைப் பார்க்க வந்த பாட்டி ஒரு தும்மல் போட்டால் போதும், நர்ஸ் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். உள்ளே, இன்குபேட்டர் என்ற கண்ணாடிப் பெட்டிக்குள், ஒரு கிலோ எடையில் ஒரு குழந்தை. எந்தக் கிருமியும் அதை அண்டக் கூடாது என்பது அங்கே சட்டம்.

அப்படிப்பட்ட பல வார்டுகளில் தினமும் இன்னொரு காரியமும் நடக்கிறது. நர்ஸ் ஒரு சின்னப் பொட்டலத்தைப் பிரித்து, அதிலிருக்கும் பொடியைத் தாய்ப்பாலில் கரைக்கிறார். மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் மெல்லிய குழாயில் அதைச் செலுத்துகிறார். பொடியில் இருப்பவை பாக்டீரியாக்கள். செத்தவை அல்ல, உயிருள்ளவை. ஒரு நாளைக்குப் பல கோடி.

கைகழுவச் சொன்னவர்களே கிருமியைக் கொடுப்பானேன்? குறைமாதக் குழந்தையைப் பெற்ற எந்தத் தாயும் கேட்கக்கூடிய கேள்வி. கால் நூற்றாண்டுக்கும் மேலாக ஆராய்ந்த பிறகும் மருத்துவ உலகம் இதற்கு ஒரே குரலில் பதில் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனம், தாய்ப்பால் குடிக்கும் மிகக் குறைமாதக் குழந்தைகளுக்குக் 'கொடுப்பதைப் பரிசீலிக்கலாம்' என்கிறது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 'ஆபத்து' என்று எச்சரிக்கிறது. இத்தனைக்கும் இருவர் கையிலும் இருப்பவை ஏறத்தாழ அதே ஆய்வுகள்.

முந்தி வந்த குடல்

37 வாரம் நிறையும் முன் பிறந்தால் அது குறைமாதம். 2020இல் உலகில் அப்படிப் பிறந்தவர்கள் சுமார் 1 கோடியே 34 லட்சம் பேர். அவர்களில் ஏறக்குறைய 30 லட்சம் பேர் இந்தியாவில் பிறந்தார்கள். எண்ணிக்கையில் நாம்தான் முதலிடம். இவர்களில் பெரும்பாலோர் ஓரிரு வாரமோ மூன்று நான்கு வாரமோ முந்தியவர்கள். இந்த அத்தியாயம் 32 வாரத்துக்கும் முன்னால், ஒன்றரைக் கிலோகூட இல்லாமல் வந்து சேர்பவர்களைப் பற்றியது.

குறைமாதம் என்றதும் எல்லோரும் நுரையீரலை நினைத்துப் பயப்படுகிறார்கள். பயம் நியாயமானது. ஆனால் நுரையீரலுக்குச் செயற்கை சுவாசக் கருவி இருக்கிறது, காற்றறைகளை விரித்து வைக்க மருந்து இருக்கிறது. குடலுக்கு அப்படி மாற்று எதுவும் இல்லை. ரத்தக் குழாய் வழியாகச் சில வாரம் ஊட்டச்சத்து கொடுக்கலாம். அதற்குள் குடல் தன் வேலையைத் தானே பழகிக்கொண்டாக வேண்டும்.

கருப்பையின் கடைசி 15 வாரங்களில் குடலின் நீளம் இரண்டு மடங்காகிறது. உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது மூன்றையும் தாளம் தப்பாமல் செய்யும் திறமை சுமார் 34 வாரத்தில்தான் கைகூடும். உணவை ஒரே சீராக முன்னே தள்ளும் குடல் அசைவும் ஏறக்குறைய அப்போதுதான் ஒழுங்குக்கு வருகிறது. 28 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு இவை எதுவும் தயாராகவில்லை. வயிற்றில் அமிலம் குறைவு. குடலின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான சளிப்படலம் மெலிது. சுவரின் செல்களுக்கு நடுவே உள்ள பிணைப்பும் தளர்வு.

அந்தச் சுவரில் கிருமிகளை மோப்பம் பிடிக்கும் உணரிகளும் உண்டு. அவற்றில் ஒன்று, சிலவகைப் பாக்டீரியாக்களின் மேலுறையை அடையாளம் கண்டு அபாயச் சங்கை ஊதுகிறது. டேவிட் ஹேக்கம் என்ற அமெரிக்கக் குழந்தை அறுவை மருத்துவரின் குழு ஆண்டுக்கணக்கில் இதை ஆராய்ந்து, குறைமாதக் குடலில் இந்த உணரி அளவுக்கு மீறி இருப்பதைக் காட்டியது. கருவில் குடல் வளர்வதற்கே அது உதவுகிறது, அதனால் அப்போது நிறைய இருக்கிறது. கருப்பைக்குள் கிருமி இல்லாதவரை தொந்தரவில்லை. வெளியே வந்ததும் கதை மாறுகிறது.

துண்டு போட்டு இடம் பிடித்தவர்கள்

1885இல் மியூனிக் நகரில் தியோடோர் எஷெரிக் என்ற மருத்துவர், பிறந்த குழந்தைகளின் மலத்தை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். பிறந்ததும் வெளியேறும் கருமலத்தில் கிருமி தென்படவில்லை. ஒரு நாளுக்குள் அவை வந்து நிறைந்துவிட்டன. அவர் கண்ட பாக்டீரியா ஒன்று பின்னாளில் அவர் பெயராலேயே எஷெரிக்கியா கோலை, சுருக்கமாக இ.கோலை, ஆனது. சுமார் பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ஹென்றி திசியே வேறொன்றைக் கவனித்தார். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தில் ஒரே வகைப் பாக்டீரியா ஆட்சி செய்தது. கவண்வில் போல இரண்டாகக் கிளைத்த உருவம். அதுதான் இன்று பிஃபிடோபாக்டீரியம் எனப்படும் இனம்.

குடலில் யார் குடியேறுகிறார்கள் என்பது பெரிதும் யார் முதலில் வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. திருவிழா பஸ்ஸில் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் போலத்தான். முதலில் துண்டு போட்டவரை எழுப்புவது கஷ்டம். நிறைமாதத்தில் பிறந்து தாயின் மார்பில் கிடக்கும் குழந்தைக்கு, பிறப்புப் பாதையிலிருந்தும் தாயின் குடலிலிருந்தும் தோலிலிருந்தும் பாலிலிருந்தும் பாக்டீரியா வந்து சேர்கிறது.

28 வாரக் குழந்தைக்கு இந்த வழிகளெல்லாம் அடைபட்டிருக்கின்றன. பெரும்பாலும் சிசேரியன். பிறந்த அன்றே முன்னெச்சரிக்கையாக ஆன்டிபயாடிக். தாய்க்கு இன்னும் பால் ஊறவில்லை. அவரே வேறொரு வார்டில் படுத்திருக்கக்கூடும். குழந்தையைத் தொடுபவை குழாய்கள், பிளாஸ்டிக், கையுறை. துண்டு போட வருகிறவர்கள் கிளெப்சியெல்லா, என்டெரோபாக்டர், இ.கோலை வகையறா. மருத்துவமனையின் கிருமிநாசினிகளுக்கும் ஆன்டிபயாடிக்குகளுக்கும் நடுவே பிழைத்துப் பழகியவர்கள். மேலே சொன்ன அபாயச் சங்கை ஊத வைப்பவர்களும் இவர்களே.

எக்ஸ்ரேயில் தெரியும் குமிழ்கள்

விளைவு சில குழந்தைகளிடம் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் தெரியவருகிறது. மூச்சுக் கண்டம் தாண்டியாயிற்று, எடை ஏறுகிறது, டாக்டர்கள் முகத்தில் சிரிப்பு வந்திருக்கிறது. அப்போது கொடுத்த பால் செரிக்காமல் திரும்புகிறது. வயிறு உப்புகிறது. மலத்தில் ரத்தம். எக்ஸ்ரே எடுத்தால் குடலின் சுவருக்குள்ளேயே சின்னச் சின்னக் காற்றுக் குமிழ்கள். பாக்டீரியாக்கள் உண்டாக்கிய வாயு சுவருக்குள் புகுந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம்.

நெக்ரோடைசிங் என்டெரோகொலைட்டிஸ் என்ற நீண்ட பெயருடைய இந்த நோயை வார்டில் என்.ஈ.சி. என்பார்கள். இங்கே குடல் அழுகல் என்று வைத்துக்கொள்வோம். கிருமியைக் கண்டு அளவுக்கு மீறி எகிறும் அழற்சியால் குடலின் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. ரத்தம் போகாத பகுதி அழுகத் தொடங்குகிறது. ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துப் பேருக்கு இது வரலாம். வந்தவர்களில் நூற்றுக்கு இருபது முதல் முப்பது பேர் இறந்துபோகிறார்கள். பிழைத்தவர்களிலும் சிலருக்கு அழுகிய குடலை வெட்டியெடுக்க வேண்டியிருக்கும். மிச்சமிருக்கும் குட்டைக் குடலோடு வளர்வது தனிப் போராட்டம்.

கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த ஆய்வக விலங்குகளுக்கு இந்த நோயை உண்டாக்க முடிவதில்லை. கருவிலிருக்கும் குழந்தைக்கும் வருவதில்லை. ஆக, பாக்டீரியா இல்லாமல் குடல் அழுகல் இல்லை. ஆனால் குடலைக் கிருமியே இல்லாமல் வைத்திருக்கவும் முடியாது. மிச்சமிருக்கும் வழி, எந்தக் கிருமி என்பதை மாற்றுவது.

குழந்தைக்குச் செரிக்காத சர்க்கரை

1990இல் ஆலன் லூகாஸ், டிம் கோல் ஆகிய பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 926 குறைமாதக் குழந்தைகளைப் பற்றிய கணக்கை வெளியிட்டார்கள். தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களைவிடப் பவுடர் பால் மட்டும் குடித்தவர்களுக்குக் குடல் அழுகல் ஆறு முதல் பத்து மடங்கு அதிகம். இவ்வளவு பெரிய வித்தியாசத்தைத் தரும் மருந்து எதுவும் அன்றைக்கு இல்லை. இன்றைக்கும் இல்லை என்றே சொல்லலாம்.

தாய்ப்பாலில் பல பாதுகாப்புகள் உண்டு. அவற்றில் விநோதமானது ஒன்று. தாய்ப்பாலின் திடப்பொருள்களில் லாக்டோஸ், கொழுப்பு இவற்றுக்கு அடுத்து அதிகம் இருப்பவை ஒருவகைச் சங்கிலிச் சர்க்கரைகள். நூற்றுக்கு மேற்பட்ட வகைகள். குழந்தையால் இவற்றைச் செரிக்கவே முடியாது. உடலின் சத்தைச் செலவழித்து, குழந்தைக்குப் பயன்படாத உணவை ஒரு தாய் ஏன் சுரக்க வேண்டும்?

பயன்படுவது பிஃபிடோபாக்டீரியத்துக்கு. அதிலும் இன்ஃபன்டிஸ் என்ற வகை இந்தச் சர்க்கரைகளை முழுதாக உள்ளே இழுத்து உடைத்துத் தின்னும் கருவிகளோடு பிறந்திருக்கிறது. தின்றபின் அது வெளியிடும் அமிலங்கள் குடலைப் புளிப்பாக்குகின்றன. கிளெப்சியெல்லா கூட்டத்துக்கு அந்தப் புளிப்பு ஆகாது. அம்மா குழந்தைக்கும், குழந்தையின் காவலாளிக்கும் சேர்த்துச் சமைக்கிறாள்.

தாய்க்குப் பால் போதாதபோது தாய்ப்பால் வங்கி கைகொடுக்கிறது. ஆசியாவின் முதல் வங்கி 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் தொடங்கியது. வங்கிப் பாலை 62.5 டிகிரி சூட்டில் அரைமணி நேரம் வைத்துப் பதப்படுத்துவார்கள். சங்கிலிச் சர்க்கரைகள் அந்தச் சூட்டைத் தாங்கிவிடும், பாக்டீரியா தாங்காது. சாப்பாடு வந்து சேர்கிறது, சாப்பிடும் ஆள் வரவில்லை. அந்த ஆளை வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்ப்பதுதான் புரோபயாடிக். நலம் தரும் நுண்ணுயிர் என்பதால் தமிழில் நலநுண்ணுயிர் எனலாம்.

பொகோட்டாவின் துணிச்சல்

கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில், ஆஞ்சலா ஓயோஸ் என்ற மருத்துவர் தன் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்த எல்லாப் பச்சிளங்குழந்தைகளுக்கும் ஓராண்டு காலம் இரண்டு வகை நலநுண்ணுயிர்களைக் கொடுத்தார். 1999இல் முடிவு வெளிவந்தது. முந்தைய ஆண்டில் 1,282 குழந்தைகளில் 85 பேருக்குக் குடல் அழுகல். நலநுண்ணுயிர் கொடுத்த ஆண்டில் 1,237 பேரில் 34 பேருக்கு மட்டும்.

அசத்தலான எண்கள். ஆனால் சந்தேகக்காரர் ஒருவர் உடனே கேட்பார்: அந்த ஓராண்டில் வேறெதுவுமே மாறவில்லையா? நர்ஸுகள் கூடியிருக்கலாம், தாய்ப்பால் கூடியிருக்கலாம். போன வருடத்தோடு இந்த வருடத்தை ஒப்பிடுவதில் இந்த ஓட்டை எப்போதும் உண்டு. அதை அடைக்க, ஒரே காலத்தில், ஒரே வார்டில், யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்கிப் பிரிக்க வேண்டும்.

1,099 குழந்தைகள்: ஒரு கணக்கு

ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து அப்படியொரு சோதனையை நடத்தின. முடிவு வந்தது 2013இல். 32 வாரத்துக்கு முன் பிறந்த, ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்த 1,099 குழந்தைகள். 548 பேருக்கு மூன்று வகைப் பாக்டீரியா கலந்த பொடி, நாளொன்றுக்கு 100 கோடி. மற்ற 551 பேருக்கு மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற வெறும் மாவுப்பொடி. எந்தப் பொட்டலத்தில் எது என்று டாக்டருக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது.

மாவுப்பொடி பெற்றவர்களில் 24 பேருக்குக் குடல் அழுகல். நலநுண்ணுயிர் பெற்றவர்களில் 11 பேருக்கு. நோய் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. பத்திரிகைத் தலைப்பு இப்படித்தான் வரும், அது பொய்யும் இல்லை.

இதையே இன்னொரு விதமாகப் பார்க்கலாம். நூறு குழந்தைகளுக்குக் கணக்கிட்டால், பொடி இல்லாமல் 4.4 பேருக்கு வந்த நோய், பொடியோடு 2.0 பேருக்கு வந்தது. நூறு பேருக்குக் கொடுத்தால் காப்பாற்றப்படுபவர்கள் 2.4 பேர். அதாவது ஒரு குழந்தையை நோயிலிருந்து காக்க ஏறக்குறைய 43 குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டும். மற்ற 42 பேரில் பெரும்பாலோருக்குக் கொடுக்காவிட்டாலும் நோய் வந்திருக்காது. ஓரிருவருக்குக் கொடுத்தும் வரும்.

இந்த 43 எல்லா வார்டுக்கும் பொதுவான எண் அல்ல. நூற்றுக்குப் பத்துப் பேருக்கு நோய் வரும் ஒரு வார்டை எடுத்துக்கொண்டால், பொடி அதைப் பாதியாக்கினால் ஐந்து பேர் தப்பிக்கிறார்கள். 20 பேருக்குக் கொடுத்தால் ஒருவர். தாய்ப்பால் தாராளமாகக் கிடைத்து நூற்றுக்கு ஒருவருக்கு மட்டுமே நோய் வரும் வார்டில் அதே பொடி, அதே பாதி. ஆனால் ஒருவரைக் காக்க 200 பேருக்குக் கொடுக்க வேண்டும். பொடியால் ஆபத்தே இல்லை என்றால் இருநூறு பேருக்கும் தயங்காமல் கொடுக்கலாம். சிறு ஆபத்து இருந்தாலும் கணக்கு தலைகீழாகக் கூடும். உலகம் இதில் இரண்டுபட்டுக் கிடப்பதற்குப் பாதிக் காரணம் இந்த எளிய வகுத்தல்தான்.

அந்தச் சோதனையின் முதன்மைக் கேள்வி குடல் அழுகல் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ரத்தத்தில் பரவும் தொற்று குறைகிறதா என்று பார்ப்பதே நோக்கம். 16.2 சதவீதம் 13.1 ஆனது; தற்செயல் அல்ல என்று உறுதியாகச் சொல்ல அந்த வித்தியாசம் போதவில்லை. 28 வாரத்துக்குப் பிறகு பிறந்தவர்களிடம் தொற்று குறைந்தது. அதற்கும் முன்னால் பிறந்த, அதிக ஆபத்திலிருந்த குழந்தைகளிடம் குறையவில்லை.

தொட்டில் விட்டுத் தொட்டில்

2016இல் இங்கிலாந்திலிருந்து எதிர்பாராத செய்தி வந்தது. தென்கிழக்குப் பகுதியின் 24 மருத்துவமனைகள், 23 முதல் 30 வாரத்தில் பிறந்த 1,300க்கும் மேற்பட்ட குழந்தைகள். கொடுத்தது பிஃபிடோபாக்டீரியம் பிரீவே என்ற ஒரே வகை. குடல் அழுகல் 9 சதவீதம், கொடுக்காதவர்களிடம் 10. ரத்தத் தொற்று 11, கொடுக்காதவர்களிடம் 12. இறப்பு 8, 9. வித்தியாசம் இல்லை என்றே சொல்ல வேண்டும்.

ஆய்வாளர்கள் குழந்தைகளின் மலத்தையும் பரிசோதித்தார்கள். பொடி பெறாத குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேரின் குடலிலும், பிறக்க வேண்டிய நாள் நெருங்கும் தருவாயில், அதே பாக்டீரியா குடியிருந்தது. முழங்கை வரை கைகழுவும் அதே வார்டுகளில்தான் இது நடந்தது. ஒரு தொட்டிலில் பிரித்த பொட்டலம் பக்கத்துத் தொட்டிலுக்கும் எப்படியோ பரவியிருக்கிறது. ஒரு மாத்திரை இப்படிச் செய்யாது. பாரசிட்டமால் ஒரு நோயாளியிடமிருந்து இன்னொருவருக்குத் தாவாது, வயிற்றில் குட்டி போடாது.

சோதனை தோற்றதற்கு இதுதான் காரணமா? பாதிக் காரணமாக இருக்கலாம். ஆனால் யார் குடலில் பாக்டீரியா குடியேறியது என்று பார்த்துப் பிரித்தபோதும் தெளிவான லாபம் தென்படவில்லை. அந்தக் குறிப்பிட்ட வகைக்கே இந்த வேலை கைவரவில்லை என்று எண்ண இடமுண்டு. பிஃபிடோபாக்டீரியம் என்ற குலப்பெயர் ஒன்றாக இருந்தாலும் பிள்ளைகளின் குணம் ஒன்றல்ல. ஐரோப்பியக் குழந்தை இரைப்பை-குடல் மருத்துவச் சங்கம் 2020இல் பரிந்துரை எழுதியபோது 'நலநுண்ணுயிர் கொடுங்கள்' என்று பொதுவாகச் சொல்லாமல், இன்ன வகை, இன்ன எண்ணுள்ளது என்று பெயர் குறித்தே எழுதியது.

வீட்டில் ஒரு கேள்வி வரும்: தயிரிலும் நல்ல பாக்டீரியா இருக்கிறதே, அதில் ஒரு சொட்டு? கூடாது. ஆஸ்திரேலியப் பொடியின் மூன்று வகைகளில் ஒன்று தயிரை உறையவைக்கும் வகைதான் என்பது உண்மை. ஆனால் தயிரில் வேறு எவையெல்லாம் இருக்கின்றன, எத்தனை இருக்கின்றன என்பது யாருக்கும் தெரியாது. ஒரு கிலோக் குழந்தையின் குடலுக்குள் பெயர் தெரியாத விருந்தாளியை அனுப்ப முடியாது.

பொட்டலத்துக்குள் வேறொன்று

பெயர் தெரியாத விருந்தாளி ஒரு முறை பொட்டலத்துக்குள்ளேயே வந்துவிட்டது. 2014இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நலநுண்ணுயிர்ப் பொடி கொடுக்கப்பட்ட குறைமாதக் குழந்தை ஒன்று இறந்தது. குடலைத் தின்றது ஒருவகைப் பூஞ்சைக்காளான். பிரிக்காத பொட்டலங்களிலும் அதே பூஞ்சை இருந்தது.

2023இல் நடந்தது வேறு மாதிரி. ஒரு கிலோவுக்கும் குறைந்த குழந்தைக்கு மருத்துவமனையில் இன்ஃபன்டிஸ் பாக்டீரியா கொடுக்கப்பட்டது. ரத்தத் தொற்று ஏற்பட்டுக் குழந்தை இறந்தது. ரத்தத்தில் கிடைத்த பாக்டீரியாவின் மரபணுவைக் கொடுத்த தயாரிப்பிலிருந்ததோடு ஒப்பிட்டபோது இரண்டும் ஒன்று. இங்கே மாசு ஏதும் கலக்கவில்லை. காவலுக்கு வைத்தவரே தளர்ந்த சுவரைத் தாண்டி உள்ளே போய்விட்டார். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மருத்துவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதியது. குறைமாதக் குழந்தைகளுக்கான முக்கியத் தயாரிப்புகள் அந்நாட்டு மருத்துவமனைகளிலிருந்து விலக்கப்பட்டன. பச்சிளங்குழந்தை மருத்துவர்கள் பலர் கொதித்தார்கள். பொடியால் இறந்த ஒரு குழந்தைக்கு முகவரி உண்டு, பொடி இல்லாததால் குடல் அழுகி இறக்கப்போகும் குழந்தைகளுக்கு முகவரி இல்லை என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் இந்தப் பொடிகள் மருந்தாக அங்கீகாரம் பெறாமல் துணை உணவாக விற்கப்பட்டவை. மருந்துக்கு உள்ள தரக்கட்டுப்பாடு அவற்றுக்குக் கிடையாது. அதைச் சரிசெய்யாமல் நிர்வாகத்தை மட்டும் குறைசொல்வது பாதி நியாயம்தான்.

ஒடிசாவும் ஒன்றரைக் கிலோவும்

இந்தியப் பெற்றோர் அடிக்கடி கேள்விப்படுவது ஒடிசா ஆய்வை. பினாகி பாணிக்ரஹியின் குழு, கிராமங்களில் பிறந்த 4,500க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து நடத்தி 2017இல் வெளியிட்டது. லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் என்ற பாக்டீரியாவையும் அதற்குத் தீனியாக ஒரு சர்க்கரையையும் ஏழு நாள் கொடுத்தார்கள். ரத்தத் தொற்றோ இறப்போ நேர்ந்தவர்கள் 9 சதவீதத்திலிருந்து 5.4 ஆகக் குறைந்தார்கள். அற்புதமான முடிவு. ஆனால் அதில் சேர்க்கப்பட்டவர்கள் 35 வாரம் தாண்டி, இரண்டு கிலோவுக்குக் குறையாமல் பிறந்தவர்கள். இன்குபேட்டருக்குள் இருக்கும் 28 வாரக் குழந்தைக்கு அந்த எண்களைப் பொருத்திப் பார்க்க முடியாது.

அந்த மிகச் சிறிய குழந்தைகளைப் பற்றித்தான் ஆதாரம் மிகக் குறைவு. 2023இல் காக்ரேன் அமைப்பு உலகெங்கும் நடந்த 60 சோதனைகளை, 11,000க்கும் மேற்பட்ட குழந்தைகளை, ஒன்றாக எடைபோட்டது. மொத்தத்தில் குடல் அழுகல் குறைவதாகவே தெரிகிறது. பல சோதனைகள் சிறியவை, சில பலவீனமாக நடத்தப்பட்டவை. ஒரு கிலோவுக்குக் குறைந்தவர்களைப் பற்றிய தகவல் கைப்பிடி அளவே. இங்கிலாந்து அனுபவத்துக்குப் பிறகு இனி ஒரே வார்டில் பாதிப் பேருக்குக் கொடுத்து மீதிப் பேரோடு ஒப்பிடுவதும் சந்தேகத்துக்குரியது. வார்டு முழுவதையும் ஒரு பக்கமாக வைத்து, மருத்துவமனைக்கு மருத்துவமனை சீட்டுக் குலுக்க வேண்டியிருக்கும். அதற்குப் பல நாடுகள் கைகோக்க வேண்டும்.

இப்போதைக்குக் கவனமான மருத்துவமனைகள் பொடியைத் தொடங்கும் முன் சில ஏற்பாடுகளைச் செய்கின்றன. தாய்ப்பாலையோ வங்கிப் பாலையோ முதலில் உறுதிசெய்கிறார்கள். வகையின் பெயரும் எண்ணும் அச்சிட்ட, தூய்மைச் சான்றுள்ள தயாரிப்பை மட்டும் வாங்குகிறார்கள். பெற்றோரிடம் லாபம், ஆபத்து இரண்டையும் சொல்லிச் சம்மதம் பெறுகிறார்கள். ஆய்வகத்துக்கும் தகவல் போகிறது. பிஃபிடோபாக்டீரியம் காற்றில்லாத இடத்தில் வளரும் இனம். குழந்தையின் ரத்தத்தை வழக்கமான புட்டியில் மட்டும் போட்டு வளர்த்தால் அது அகப்படாமல் போகக்கூடும். இந்த வார்டில் இன்ன பாக்டீரியா கொடுக்கிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால், காய்ச்சல் கண்ட குழந்தையின் ரத்தம் வந்ததும் ஆய்வகத்தார் காற்றில்லாப் புட்டியையும் எடுத்து வைப்பார்கள்.